தலையாட்டிய ஓணானும் ஓட்டை விழுந்த கரையும்

ஆவாரங்குளத்தில் தண்ணீர் நாலு விரல்கடை இறங்கிவிட்டது! மழை நின்று பத்து நாள்கூட ஆகவில்லை. வெயிலும் அப்படியொன்றும் கொளுத்தவில்லை. பின்னே தண்ணீர் எங்கே போயிற்று?

இந்தக் கவலை முதலில் பிடித்தது ஆம்பலி என்ற நீர்க்கோழியைத்தான். பிடிக்காமல் என்ன செய்யும்? குளத்து நடுவில் கோரைப்புல்லை மடித்துக் கூடு கட்டி, ஆறு முட்டையிட்டு அடைகாத்துக்கொண்டிருந்தாள் அவள். புருஷனைப் போன மாதம் பருந்து தூக்கிக்கொண்டு போய்விட்டது. இனி அவளுக்கென்று இருப்பது அந்த ஆறு முட்டைதான். சுற்றிலும் ஆழத் தண்ணீர் நிற்கிறவரை கூட்டுக்கு வேறு காவல் வேண்டாம். தண்ணீர் வற்றினால் என்ன ஆகும் என்பது கரையில் உட்கார்ந்திருந்த கீரிக்கு நன்றாகவே தெரியும்.

"என்னக்கா, குளம் இளைச்ச மாதிரி தெரியுதே?" என்று கேட்டான் கீரி.

"உனக்கென்ன அதுல அக்கறை?"

"ஐயோ, உங்க பிள்ளைங்க மேல உள்ள பாசம்தான்! எப்ப பொரியும்?"

"ஆடு நனையுதேன்னு ஓநாய் அழுததாம்! போடா அந்தப் பக்கம்!" என்று விரட்டினாள் ஆம்பலி. கீரி போகவில்லை. முன்காலை நீட்டி ஆழம் பார்த்துவிட்டு, அது நனைந்ததும் முகத்தைச் சுளித்துக்கொண்டு மறுபடியும் உட்கார்ந்துகொண்டான். அவனுக்கு அவசரமே இல்லை.

ஆம்பலி கரையோரமாக நீந்திப் பார்த்தாள். தெற்குக் கரையில், கருவேல மரத்துக்குக் கீழே ஒரு துளை. கட்டைவிரல் பருமன்கூட இல்லை. அதன் வழியாகத் தண்ணீர் கிளுகிளுவென்று வெளியே ஓடிக்கொண்டிருந்தது.

"அட, இவ்வளவுதானா! இதைத் தலைவர்கிட்ட சொன்னா ஒரு நொடியில முடிச்சிடுவாரு!" என்றாள் ஆம்பலி.

பாவம், அங்கேதான் அவள் புத்தி கெட்டது.

ஆவாரங்குளத்துத் தலைவர் யார் தெரியுமா? வேலிமுத்து என்ற ஓணான்! குளத்துத் தண்ணீரில் வால் நுனியைக்கூட நனைத்தறியாத ஓணான். கிளுவை வேலியில் பிறந்து, கிளுவை வேலியில் வளர்ந்து, எறும்பைத் தின்று வெயில் காய்கிற ஓணான். அவருக்கும் குளத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டால் யாருக்கும் பதில் தெரியாது.

ஆனால் தலைவரைத் தேர்ந்தெடுத்த நாளில் நடந்தது இது. தவளை வந்து, "கொக்கைக் குளத்துப் பக்கம் விடக் கூடாது!" என்றது. ஓணான் தலையை ஆட்டினார். கொக்கு வந்து, "எங்களுக்குக் குளத்துல எல்லா மூலையும் திறந்துவிடணும்!" என்றது. ஓணான் தலையை ஆட்டினார். எருமை வந்தாள், நாரை வந்தது, நத்தைகூட மூன்று நாள் நடந்து வந்து சேர்ந்தது. எல்லோருக்கும் ஒரே மாதிரி, மேலும் கீழுமாக, அழகாக ஆட்டினார். "நம்ம மனசு தெரிஞ்ச ஆளு!" என்று ஆளாளுக்கு மெச்சிக்கொண்டு போனார்கள். ஓணான் பிறவியிலேயே தலையாட்டும் என்பது ஊரில் உள்ள அத்தனை பேருக்கும் தெரியும். தெரிந்தும் அந்த ஆட்டலில் ஆளுக்கொரு சம்மதத்தைப் பார்த்தார்களே, அவர்களை என்னவென்று சொல்வது! வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டு, குடைகிறது குடைகிறது என்று பிறகு புலம்பி என்ன பயன்?

போதாக்குறைக்கு அந்தக் குளத்தில் ஒரு வழக்கம் வேறு. குறை உள்ளவர்கள் ஓர் ஆலிலையைக் கொண்டுபோய்த் தலைவர் முன்னால் வைக்க வேண்டும். அதுதான் மனு. தலைவர் தலையாட்டிவிட்டால் அந்தக் காரியம் அவருடையது. பிறகு வேறு யாரும் அதில் கை வைக்கக் கூடாது. வைத்தால், தலைவரை நம்பவில்லை என்று பொருள். நம்பாதவரைக் குளத்தைவிட்டுத் தள்ளிவைத்துவிடுவார்கள்.

ஆம்பலி ஆலிலையைக் கவ்விக்கொண்டு வேலிக்கு ஓடினாள்.

"தலைவரே! தெற்குக் கரையில ஓட்டை! தண்ணியெல்லாம் வெளிய ஓடுது! இப்படியே போனா என் கூடு தரை தட்டிடும்! கீரி வேற நாக்கைத் தொங்கப் போட்டுக்கிட்டு உட்கார்ந்திருக்கான்!"

ஓணான் அவளை ஒரு கண்ணால் பார்த்தார். மறு கண் ஓர் எறும்பின் மேல் இருந்தது. பிறகு தலையை ஆட்டினார். ஒரு தரமல்ல, மூன்று தரம்!

கொம்பில் உட்கார்ந்திருந்த மைனா உடனே கத்தினான். அவன்தான் தலைவருடைய கொள்கை பரப்பும் வாய்.

"ஆம்பலியின் மனு ஏற்கப்பட்டது! தலைவர் மூன்று முறை தலையாட்டினார்! குளத்து வரலாற்றில் இதுவே முதல் முறை!"

ஆம்பலிக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. "நல்லா இருக்கணும் தலைவரே! உங்க வால் நீளணும்!" என்று வாழ்த்திவிட்டுக் கூட்டுக்குத் திரும்பினாள்.

வழியில் நண்டு மாமா தலையில் கொடுக்கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் உருண்டை உருண்டையாகக் களிமண்.

"என்ன மாமா, இப்படி இடிஞ்சு போய் உட்கார்ந்திருக்கீங்க?"

"ஏம்மா ஆம்பலி, உனக்கு வேற வேலையே இல்லையா? அந்த ஓட்டை நான் தோண்டின வளைதான். அசந்து கொஞ்சம் அதிகமா தோண்டிட்டேன், அந்தப் பக்கம் திறந்துக்கிச்சு. தப்பு என்னோடது. அதான் நேத்தே களிமண்ணு உருட்டி வச்சேன். இப்ப அடைக்கலாம்னு வந்தா, 'தலைவர் தலையாட்டின காரியம், தொடாதே!'ன்னு மைனா தலைக்கு மேல வந்து கத்திட்டுப் போறான்!"

ஆம்பலிக்குத் தூக்கிவாரிப்போட்டது. கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த கதையாகிவிட்டதே!

"மாமா! மாமா! யாரும் பார்க்கலை, அடைச்சிடுங்களேன்!"

"அடைச்சா என்னைத் தள்ளிவச்சிடுவாங்கம்மா. இந்த வயசுல நான் எந்தக் குளத்தைத் தேடிப் போவேன்? தலைவர்தான் ஆட்டிட்டாருல்ல, வருவாரு. பொறு" என்று சொல்லிவிட்டுக் களிமண் உருண்டைகளை நகர்த்தி வைத்தார்.

பொறுத்தாள். நாலு நாள் பொறுத்தாள். தண்ணீர் இன்னும் ஒரு சாண் இறங்கியது. தலைவர் வரவில்லை. கீரி மட்டும் தினமும் வந்து, முன்காலை நீட்டி ஆழம் பார்த்துவிட்டுப் போனான்.

ஐந்தாம் நாள் ஆம்பலி மறுபடியும் வேலிக்கு ஓடினாள். அன்றைக்குத் தலைவர் குளத்துப் பிரச்சினைகளைப் பற்றித் தம் கருத்துகளைச் சொல்லிக்கொண்டிருந்தார். கீழே பெருங்கூட்டம்.

"கொக்கு எங்க குஞ்சுகளைத் தின்னுது தலைவரே!" என்றது தவளை.

"கொக்கும் நம் குளத்துப் பிறவிதான். அதன் வயிற்றுக்குள் போன குஞ்சும் குளத்தைவிட்டு எங்கே போய்விட்டது? பிரிவினை பேசாதீர்கள்!" என்றார் தலைவர். கூட்டம் கைதட்டியது. குஞ்சைப் பறிகொடுத்த தவளையும் சேர்ந்து கைதட்டியது, வெட்கங்கெட்டது!

ஆம்பலி முண்டியடித்துக்கொண்டு முன்னால் வந்தாள். "தலைவரே! ஓட்டை!"

"ஓட்டை பற்றி எனக்குத் தெளிவான கருத்து உண்டு" என்றார் ஓணான். கழுத்துப் பையை உப்பிக்கொண்டார். "குளத்துக்குள் நின்று பார்ப்பவருக்குத் தண்ணீர் குறைகிறது. கரைக்கு வெளியே நின்று பார்ப்பவருக்குத் தண்ணீர் பெருகுகிறது. நாம் ஏன் எப்போதும் குறையையே பார்க்க வேண்டும்? வெளியே நின்று பாருங்கள்!"

"ஆகா! ஆகா!" என்றான் மைனா.

"என் கூடு உள்ளேதானே இருக்கு தலைவரே!"

"மேலும், இந்தக் கரை என் காலத்தில் கட்டப்பட்டதல்ல. முந்தைய தலைவர் காலத்தது. அவரைப் போய்க் கேளுங்கள்!"

"அவரைப் பாம்பு முழுங்கி ரெண்டு வருஷமாச்சே!"

"பார்த்தீர்களா? பதில் சொல்லப் பயந்து ஒளிந்துகொண்டார்!"

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. ஆம்பலி விடவில்லை. "சரி தலைவரே, முந்தினவரு தப்பாவே இருக்கட்டும். ஒரு தடவை நேர்ல வந்து பாருங்க! உங்க காலைப் பிடிச்சுக் கேட்கிறேன்!" என்று கெஞ்சினாள்.

ஓணான் தலையை ஆட்டினார்.

மறுநாளே வந்துவிட்டார்! எப்படி வந்தார்? எருமையின் முதுகில் ஏறி, கழுத்தில் அல்லிப்பூ மாலையோடு வந்தார். முன்னால் மைனா. பின்னால் நாரை, கொக்கு, தவளை, எலி என்று ஐம்பது பேர். எல்லோரும் தெற்குக் கரை மேல் ஏறி நின்று, எட்டி எட்டிப் பார்த்தார்கள். எருமை ஓட்டைக்கு நேர் மேலே நின்றாள். தலைவர் ஓட்டையைப் பார்த்துத் தலையாட்டினார். ஓட்டை என்ன சொல்லியது என்று கேட்காதீர்கள்.

அந்தப் பாரத்தில் கரை பொலபொலவென்று உதிர்ந்தது. கட்டைவிரல் பருமன் இருந்த துளை இப்போது குடம் நுழைகிற அளவு ஆகிவிட்டது! கிளுகிளு என்று ஓடிய தண்ணீர் குபுகுபுவென்று பாய்ந்தது.

"தலைவர் நேரில் ஆய்வு! பிரச்சினையின் முழு வடிவமும் வெளிக்கொண்டு வரப்பட்டது!" என்று கத்தினான் மைனா.

ஆம்பலி எருமையின் காலில் விழாத குறையாகக் கேட்டாள். "அக்கா, நீங்க இங்க ஒரு தடவை புரண்டா போதும்! சேறு நகர்ந்து ஓட்டை அடைஞ்சுக்கும்! என் பிள்ளைங்க பிழைச்சுக்கும்!"

"எனக்கு அது ஒரு வேலையாம்மா? ஒரு புரளலுதான்" என்றாள் எருமை, அசைபோட்டபடி. "ஆனா தலைவர் தலையாட்டின காரியமாச்சே. நாளைக்கு ஒரு பேச்சு வந்திரும்."

ஐம்பது பேர் அங்கே நின்றார்கள். ஐம்பது பேருக்கும் அடைக்கத் தெரியும். ஒருவரும் அடைக்கவில்லை. தலைவரை வாழ்த்திவிட்டு வீட்டுக்குப் போனார்கள்.

இரண்டு நாளில் கூட்டைச் சுற்றிக் கணுக்காலளவு தண்ணீர்தான் மிச்சம். ஆம்பலி கூட்டைவிட்டு அசையவில்லை. இரைக்குக்கூடப் போகவில்லை. முட்டைக்குள்ளே குஞ்சுகள் லேசாகத் தட்டுவது வயிற்றில் பட்டது. இன்னும் ஒரே நாள், கண்ணுங்களா, ஒரே நாள் என்று முனகிக்கொண்டிருந்தாள்.

அப்போது பார்த்து மைனா வந்து இறங்கினான்.

"ஆம்பலி! புறப்படு! தலைவருக்குப் பாராட்டு விழா! மனு கொடுத்தவ நீதான், நீதான் நன்றி சொல்லணும்!"

"எதுக்கு நன்றி? ஓட்டை இன்னும் அடையலையே!"

"அடைச்சதுக்கு இல்ல, தலையாட்டினதுக்கு! மூணு தரம் ஆட்டினாரே, மறந்துபோச்சா?"

"நான் வர மாட்டேன். கீரி காத்துக்கிட்டு இருக்கான்!"

மைனா கழுத்தைச் சாய்த்துக்கொண்டு பார்த்தான். "நன்றி சொல்லாதவங்க மனு செல்லாது. உன்னைத் தள்ளியும் வச்சிடுவாங்க. அப்புறம் உன் குஞ்சு எந்தக் குளத்துல நீந்தும்? வா, ரெண்டு வார்த்தை பேசிட்டு ஓடி வந்துடலாம். தலைவர் தலையாட்டிட்டாரு, இனி என்ன பயம் உனக்கு?"

ஆம்பலி முட்டைகளைக் கோரைப்புல்லால் மூடினாள். திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனாள். தாய் மனசு வேண்டாம் வேண்டாம் என்றது. ஊருக்குப் பயந்த கால் போயிற்று.

வேலியோரம் ஒரு பாறை. அதன் மேல் தலைவர், இரண்டு அல்லிமாலையோடு. ஆம்பலியை மேலே ஏற்றிவிட்டார்கள்.

"நம்ம தலைவர் வேலிமுத்து அவர்கள்..." என்று ஆரம்பித்தாள். பாறை உயரமானது. அங்கிருந்து குளம் முழுவதும் தெரிந்தது. நடுவில் கூடு தெரிந்தது. கூட்டுக்குள் தலையை விட்டுக்கொண்டிருந்த கீரியும் தெரிந்தான்!

"அடப்பாவி! என் பிள்ளைங்க!"

ஓர் அலறல். பாறையிலிருந்து பாய்ந்தாள். கால் சேற்றில் புதைய, சிறகு தரையில் அடிக்க, ஓடினாள். கீரியின் கண்ணைக் குறிவைத்துக் கொத்தினாள். அவன் ஒருபோதும் அப்படிப்பட்ட கொத்தை வாங்கியிருக்க மாட்டான். நாலு அடி பின்வாங்கிக் கரையில் ஏறிக்கொண்டான். மீசையில் முட்டை ஓட்டுத் துணுக்கு ஒட்டியிருந்தது.

ஆம்பலி புல்லை விலக்கினாள். நாலு முட்டை இருந்தது. இரண்டு ஓடு கிடந்தது.

கூட்டம் பின்னாலேயே ஓடி வந்தது. எருமை முதுகில் தலைவரும் வந்தார்.

"கொலைகாரா! தலைவர் தலையாட்டின காரியத்துல நீ எப்படிடா கை வச்சே?" என்று கீரியைப் பார்த்துச் சீறினார் நண்டு மாமா.

கீரி நிதானமாக மீசையை நக்கினான். "நான் ஏன் மாமா விதியை மீறப் போறேன்? நானும் மனு கொடுத்தவன்தான். 'குளத்துத் தண்ணி வத்தணும், நீர்க்கோழி முட்டை எனக்குக் கிடைக்கணும்'னு இலை வச்சேன். இந்த அக்கா வர்றதுக்கு மூணு நாள் முந்தியே வச்சேன். தலைவர் எனக்கும் தலையாட்டினாரு. வேணும்னா கேட்டுப் பாருங்க!"

எல்லோரும் தலைவரைப் பார்த்தார்கள்.

தலைவர் தலையை ஆட்டினார்.

தவளை மெல்லக் கேட்டது. "கொக்கண்ணே, உங்களுக்கும் ஆட்டினாரா?"

"ஆட்டினாரே! எல்லா மூலையும் எங்களுக்குன்னுதான் ஆட்டினாரு!"

"அடச்சீ! எனக்கும் ஆட்டினாரு!" என்றாள் எருமை. அசைபோடுவதை அன்றைக்குத்தான் அவள் நிறுத்தினாள்.

ஓணான் கழுத்துப் பையை உப்பினார். "இதைப் பற்றி என் கருத்து என்னவென்றால்..."

யாருக்கு வேண்டும் அவர் கருத்து! ஆம்பலி அழவில்லை. அலகு நிறையச் சேற்றை அள்ளினாள். நேரே தெற்குக் கரைக்குப் போய் ஓட்டையில் அப்பினாள். திரும்பி வந்து மறுபடியும் அள்ளினாள்.

"விதிமீறல்! விதிமீறல்! இவளைத் தள்ளிவைக்கணும்!" என்று கத்தினான் மைனா.

"தள்ளிவைங்கடா! நீங்க தள்ளிவைக்காம இருந்தப்ப மட்டும் என் பிள்ளைங்க பிழைச்சுதா?" என்றாள் ஆம்பலி.

அந்த வார்த்தை எல்லோரையும் சுட்டது. நண்டு மாமா களிமண் உருண்டையைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார். எருமை உடம்பை ஓர் உலுக்கு உலுக்கினாள். தலைவர் மாலையோடு சேற்றில் போய் விழுந்தார். எருமை கரையோரம் படுத்து ஒரு புரளல் புரண்டாள். சேறு மொத்தமாக நகர்ந்து ஓட்டையில் இறங்கியது. தவளை மிதித்தது, நாரை மிதித்தது, கொக்கும் வந்து மிதித்தது. ஒரு கூடை களிமண்ணும் ஒரு நாழிகை நேரமும்தான்! பத்து நாளாகக் குளத்தைக் குடித்த ஓட்டை அடைந்துவிட்டது. கீரி அடுத்த வேளைக்கு எலி பிடிக்கப் போய்விட்டான்.

மறுநாள் காலை ஆம்பலியின் நாலு முட்டையும் பொரிந்தன. மேற்கே மலையில் பெய்த மழைத் தண்ணீர் வாய்க்காலில் வந்து, குளம் மெல்ல ஏறத் தொடங்கியது.

அப்போது, உடம்பெல்லாம் காய்ந்த சேற்றோடு, ஓணான் கரைக்கு வந்தார். கூடவே மைனா! வெட்கம் என்பது அவர்கள் பரம்பரையிலேயே இல்லைபோல.

"தலைவரின் சீரிய முயற்சியால் தெற்குக் கரை அடைக்கப்பட்டது! குளம் நிரம்புகிறது! நாலு குஞ்சு பொரிந்தது! இவை மூன்றும் தலைவரின் சாதனைகள்!" என்று கத்தினான் மைனா.

ஆம்பலி கூட்டிலிருந்து தலையைத் தூக்கினாள்.

"ஏன் மூணோட நிறுத்திட்டே? ரெண்டு முட்டை கீரி வயித்துக்குள்ள போச்சே, அதுக்கும் உங்க தலைவர்தானே தலையாட்டினாரு? அதையும் அவர் சாதனையில சேர்த்துச் சொல்லு!"

மைனா எழும்பி வேலிப் பக்கம் பறந்துவிட்டான்.

ஓணான் தலையை ஆட்டினார்.

ஆம்பலி முகத்தைத் திருப்பிக்கொண்டு, நாலு குஞ்சையும் சிறகுக்குள் இழுத்து அணைத்துக்கொண்டாள். அதன்பிறகு அந்தக் குளத்தில் யாரும் ஆலிலை எடுத்துக்கொண்டு வேலிப் பக்கம் போகவில்லை.

எல்லாவற்றுக்கும் தலையாட்டுகிறவனைத் தலைவனாக்கிவிட்டுத் தன் கையைத் தானே கட்டிக்கொள்கிறவன், கையெட்டும் தூரத்து ஓட்டையையும் அடைக்க மாட்டான், கண்ணெதிரே தன் பிள்ளையையும் பறிகொடுப்பான்.